ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு வீட்டிலேயே ஆயில் மாத்தணும்: என்னென்ன வேணும், எங்கே சொதப்பும்?

#1 காவிரிக்கரை

வண்டி 2016 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1.2 கே-சீரிஸ். வாரண்டி எப்பவோ முடிஞ்சது. அடுத்த ஆயில் சர்வீஸை நானே பார்க்கலாம்னு இருக்கேன். அபார்ட்மென்ட் பார்க்கிங், சமமான சிமென்ட் தரை. டிக்கில கம்பெனி கொடுத்த ஜாக் இருக்கு, ஒரு சாதாரண ஸ்பேனர் செட்டும் இருக்கு.

கேட்க வேண்டியது இதுதான்:
1. எத்தனை லிட்டர், என்ன கிரேடு? கடைக்காரர் 0டபிள்யூ20 ரொம்பத் தண்ணி, நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ50 போடுங்கன்னு சொல்றார்.
2. ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் மாத்தியே ஆகணுமா?
3. அடியில படுக்காம, மேலேயிருந்து பம்ப் வச்சு உறிஞ்சி எடுத்தா போதுமா?
4. பழைய ஆயிலை என்ன பண்றது?

#2 ஸ்பேனர்17

முதல்ல சாமான்.

ஆயில்: ஃபில்டரோட சேர்த்து மாத்தினா சுமார் 3.1 லிட்டர். கையேட்டோட கடைசிப் பக்கங்கள்ல அளவு அட்டவணை இருக்கும், ஒரு தடவை சரிபார்த்துக்குங்க. கடையில 3 லிட்டர் கேனும் வரும், 3.5 லிட்டர் கேனும் வரும். 3.5 வாங்குங்க. ஆனா முழுசா கவுத்துடாதீங்க. வீட்டில மாத்துறவங்க செய்யுற தப்புல பாதி இதுதான்: கேன்ல இருக்கிறதுதான் அளவுன்னு நினைச்சு மொத்தத்தையும் ஊத்திடுறது.

ஃபில்டர்: உங்க வண்டிக்கு வெளியே தெரியுற டப்பா மாதிரி ஸ்பின்-ஆன் ஃபில்டர். ஒவ்வொரு தடவையும் மாத்துங்க. கால் லிட்டருக்குக் கிட்ட அழுக்கு ஆயில் அதுக்குள்ள நிக்கும், அதை விட்டுட்டுப் புது ஆயில் ஊத்துறதுல அர்த்தமில்லை.

டிரெயின் பிளக் (அடியில ஆயிலை வடிக்கக் கழட்டுற போல்ட்) வாஷர்: இதைத்தான் எல்லாரும் மறப்பாங்க. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வண்டி மாடல், வருஷம் சொல்லிக் கேட்டா தருவாங்க. ரெண்டு வாங்கி வச்சுக்குங்க, ஒண்ணு உருண்டு எங்கேயாவது போகும்.

டூல்: டிரெயின் பிளக் பெரும்பாலும் 17 மி.மீ. தலை. ஆறு முனை சாக்கெட்டா இருக்கணும். பன்னிரண்டு முனை சாக்கெட்டும், வாய் திறந்த ஸ்பேனரும் இறுகின போல்ட்டோட முனையை மழுங்கடிச்சுடும். ஃபில்டருக்குக் கப் மாதிரி வர ரென்ச் இருக்கு. புது ஃபில்டரைக் கையோட கொண்டுபோய் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்க, ஒரு மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் வழுக்கும்.

மத்தபடி புனல், குறைஞ்சது 5 லிட்டர் பிடிக்குற அகலமான தட்டு, நைட்ரைல் கையுறை, பழைய பனியன் துணி, ஒரு பை மரத்தூள். பழைய நியூஸ்பேப்பரை நம்பாதீங்க, ஆயில் அதைத் தாண்டித் தரைக்குப் போயிடும். அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போட்டு, அது மேல தட்டை வையுங்க.

#3 பட்டறைக்காரன்

டிக்கி ஜாக்கைப் பத்தி யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன் தம்பி. அது பஞ்சர் வீல் கழட்டறதுக்கு. அந்த ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க. ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கறதும் கூடாது. ஹாலோ பிளாக் நேரா வர பாரத்தைத் தாங்கும், ஒரு மூலையில அழுத்தம் விழுந்தா எந்த எச்சரிக்கையும் இல்லாம நொறுங்கும்.

ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, சாய்வுப் பலகை, அதாவது ரேம்ப். முன் சக்கரம் ரெண்டையும் ஏத்தி நிறுத்தறது. இரும்பு ரேம்ப் சிமென்ட் தரையில வழுக்கும், அடியில ரப்பர் மேட் போடுங்க. ஏத்தும்போது வெளியே ஒரு ஆள் நின்னு சைகை காட்டணும். இன்னொண்ணு, டிராலி ஜாக்கால தூக்கி ரெண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் கொடுத்து, பாரத்தை ஸ்டாண்டுல இறக்கறது. ஸ்டாண்டை எங்க வைக்கணும்னு கையேட்டுல படம் போட்டிருக்கும், ஓரத்துத் தகடு வெட்டு விட்டிருக்கிற இடம். ஃப்ளோர் தகட்டுல வச்சா உள்ளே குழி விழும்.

எப்படித் தூக்கினாலும் ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின் சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதனால பின்பக்கம் தரையில நிக்கிறது நமக்குச் சாதகம். உள்ளே போறதுக்கு முன்னாடி வண்டியை இடுப்பால நல்லா ஒரு இடி இடிச்சுப் பாருங்க. ஆட்டம் தெரிஞ்சா இறக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க.

ஒல்லியான ஆளா இருந்து, வண்டியோட 170 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸுக்குள்ள பக்கவாட்டில கை விட்டே பிளக்கை எட்டினா தூக்கவே வேண்டாம். டார்ச் அடிச்சு முதல்ல அதைப் பாருங்க. பிளக் எட்டும், ஃபில்டர் எட்டுறதுதான் சிரமம்.

#4 நாலுசிலிண்டர்

கிரேடு விஷயத்துக்கு வர்றேன். கடைக்காரர் சொல்ற 'நம்ம வெயில்' வாதம் நாற்பது வருஷம் முந்தைய என்ஜினுக்குப் பொருந்தும்.

0டபிள்யூ20-ல ரெண்டு எண். முதல் எண் குளிர்ல ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் எவ்வளவு இளகலா இருக்கணும்ங்கிறதுக்கு. 0டபிள்யூவை மைனஸ் 35 டிகிரியிலயும், 5டபிள்யூவை மைனஸ் 30-லயும் சோதிப்பாங்க. நமக்கு அந்தக் குளிர் வராது. ஆனா ராத்திரி முழுக்க நின்ன வண்டிக்குக் காலையில 25 டிகிரியில இருக்குற என்ஜினே 'குளிர்' என்ஜின்தான். அந்த முதல் சில நொடியில ஆயில் மேல ஏறுற வேகம் முக்கியம்.

ரெண்டாவது எண் 100 டிகிரியில இருக்கிற பிசுப்பு. 20 கிரேடுன்னா 6.9-ல இருந்து 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள, 30 கிரேடுன்னா 9.3-ல இருந்து 12.5-க்குள்ள. இதுல கவனிக்க வேண்டியது, அளவு எடுக்குறதே 100 டிகிரியில. வெளியே திருச்சி வெயில் 40 ஆனாலும் ஊட்டி 10 ஆனாலும், தெர்மோஸ்டாட் கூலன்ட்டை ஒரே சூட்டுல வச்சிருக்கும், ஆயிலும் ஏறக்குறைய அதை ஒட்டியே இருக்கும். வெயில் அடிக்குதேன்னு என்ஜின் உள்ளே 140-க்குப் போயிடாது.

உங்க என்ஜின்ல வால்வ் டைமிங்கை ஆயில் அழுத்தத்தாலதான் மாத்துறாங்க. அந்தக் கன்ட்ரோல் வால்வுக்குப் போற துவாரம் ரொம்பச் சின்னது, அதுல வலையும் இருக்கும். 20டபிள்யூ50 ஊத்தினா காலையில ஸ்டார்ட் பண்ணும்போது சலசலன்னு சத்தம், மந்தமான பிக்கப், மைலேஜ் குறைவு. சிலசமயம் செக் என்ஜின் லைட்டும் வரும்.

கையேட்டுல 0டபிள்யூ20 முதல் தேர்வா இருக்கும். 5டபிள்யூ30-ம் பட்டியல்ல இருந்தா அதைத் தாராளமா போடலாம். ஓடி ஓடி ஆயில் குடிக்க ஆரம்பிச்ச என்ஜினுக்கு 5டபிள்யூ30 கொஞ்சம் உதவும். தரக் குறியீடு ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி இருந்தா போதும். எஸ்பி 2020-ல வந்தது, முந்தையது எல்லாத்துக்கும் பதிலா அதைப் போடலாம்.

#5 மெரினா140

@நாலுசிலிண்டர் முழுக்க ஒத்துக்க மாட்டேன். மைலேஜ் விதிமுறைக்காகத்தான் கம்பெனிக்காரங்க மெல்லிய ஆயிலுக்குப் போறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு, அது பொய்யும் இல்லை. முழு லோடு, ஏசி, மலைப்பாதைன்னு அடிக்கடி ஓடுற வண்டிக்கு 5டபிள்யூ30 கொடுக்கிற கூடுதல் படலம் நல்லதுதான். ஆனா 20டபிள்யூ50 தப்புங்கிறதுல கருத்து வேறுபாடு கிடையாது.

இன்னொண்ணு. புது மாடல் சிலதுல 0டபிள்யூ16 எழுதியிருக்கும். 2016 வண்டிக்காரங்க 'புதுசுன்னா நல்லது'ன்னு அதை வாங்கி ஊத்த வேண்டாம். அது அந்த இடைவெளி அளவுக்குன்னு வடிவமைச்ச என்ஜினுக்கு மட்டும்.

#6 ஸ்பேனர்17

கிரேடு சண்டை எந்த இழையில வந்தாலும் பத்துப் பக்கம் ஓடும், அதுக்குள்ள வேலையைச் சொல்லிடுறேன்.

வண்டியை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்க. பத்து, பதினஞ்சு நிமிஷம் விடுங்க. வெதுவெதுப்பா இருந்தா அழுக்கு மிதந்து ஆயிலோட வெளியே வரும். நெடுஞ்சாலையில ஓட்டிட்டு வந்த உடனே செய்யாதீங்க, ஆயிலும் சைலன்சர் பைப்பும் கையை வேகவச்சுடும்.

பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழட்டுங்க, டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியை, கொஞ்சம் மேல இழுத்து விடுங்க. காத்து உள்ளே போனாத்தான் சீரா வடியும். கழட்டின மூடியை என்ஜின் மேல வைக்காம டிரைவர் சீட்ல வையுங்க. மூடி போடாம ஸ்டார்ட் பண்ற வாய்ப்பு அதோட போச்சு.

அடியில போய் பிளக்கை இளக்குங்க. எந்தப் பக்கம் திருப்புறதுங்கிற குழப்பம் மல்லாக்கப் படுத்தா எல்லாருக்கும் வரும். பிளக்கோட தலையை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி நினைச்சுக்கிட்டு இடஞ்சுழியா திருப்பணும். சாக்கெட்டால ஒரு சுத்து இளக்கினதும் டூலைக் கீழ வச்சுட்டு, மிச்சத்தை விரலால சுத்துங்க. சுத்தும்போது பிளக்கை உள்பக்கமா அழுத்திக்கிட்டே சுத்தினா கடைசி மரை வரைக்கும் ஒழுகாது. முடிஞ்சது தெரிஞ்சதும் வெடுக்குன்னு கையை இழுத்துடுங்க.

ஆயில் முதல்ல ஒரு ஜாண் தூரம் தள்ளிப் பீய்ச்சும். மட்டம் குறையக் குறைய பிளக்குக்கு நேர் கீழ வந்து விழும். தட்டை அதுக்கேத்த மாதிரி இழுத்துக்கிட்டு வரணும். முதல் அஞ்சு நொடியையும் கடைசி ஒரு நிமிஷத்தையும் பார்த்துக்கிட்டா தரை தப்பிச்சுது. நூல் மாதிரி ஆகி, சொட்டா மாறுற வரைக்கும் பத்து, பதினஞ்சு நிமிஷம் விடுங்க.

அதுக்குள்ள பிளக்கைத் துடைங்க. பழைய வாஷர் பிளக்கோடயே வந்துச்சான்னு பாருங்க. வரலைன்னா அது சம்ப்லயே (என்ஜின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி) ஒட்டியிருக்கு. அதைச் சுரண்டி எடுக்காம புதுசு போட்டா ரெண்டு வாஷர் ஆகி, எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

பிளக்கைத் திரும்பப் போடும்போது முதல் நாலைஞ்சு சுத்து வெறும் விரலால மட்டும். சிக்குச்சுன்னா கழட்டிட்டு மறுபடி நேரா பிடிங்க. டார்க், அதாவது இறுக்குற முறுக்கு விசை, 35 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லைன்னா கணக்கு இப்படி: 25 செ.மீ. நீளமுள்ள ராட்செட் நுனியில சுமார் 14 கிலோ அளவுக்கு அழுத்தம். ரெண்டு கையால இழுக்க வேண்டிய வேலை கிடையாது, குழாய் சொருகி நீட்டவும் கூடாது.

#7 பட்டறைக்காரன்

ஸ்பேனர் தம்பி சொன்னதுல வாஷரை நான் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லணும். கசியுதுன்னு வர்ற வண்டில பாதிக்கு மேல வாஷர் பிரச்சினை, மிச்சம் மரை பிரச்சினை. கசிஞ்சா இன்னும் ஒரு இறுக்கு இறுக்குறாங்க, அப்படியே மரை போயிடுது. அலுமினிய சம்ப்பா இருந்தா இன்னும் சீக்கிரம்.

டெஃப்லான் டேப் சுத்தாதீங்க. அது பிரிஞ்சு நார் நாரா உள்ளே போய் பம்போட சல்லடையில உக்காரும். ஷெல்லாக், எம்-சீலும் வேண்டாம். செம்பு வாஷரா இருந்து புதுசு கிடைக்கலைன்னா, கேஸ் அடுப்புல சிவக்க வச்சு ஆறவிட்டா மறுபடி மென்மையாகும், அவசரத்துக்குப் போடலாம். அலுமினிய வாஷருக்கு இந்த வைத்தியம் செல்லாது, உருகிடும்.

#8 ஸ்பேனர்17

ஃபில்டர்.

தட்டை அதுக்கு நேரா நகர்த்துங்க. கையால வரலைன்னா ரென்ச். ரென்ச்சும் வழுக்குச்சுன்னா ஃபில்டர் மேல ஒரு சுத்து உப்புத்தாள் சுத்தி, சொரசொரப்பு உள்பக்கம் பார்க்க வச்சு இறுக்கிப் பிடிச்சுத் திருப்புங்க, பெரும்பாலும் அசையும். ஸ்க்ரூடிரைவரை ஃபில்டருக்குள்ள குத்தித் திருப்புற வித்தையை யூடியூப்ல காட்டுவாங்க. தகடு கிழிஞ்சு அடிப்பாகம் மட்டும் மாட்டிக்கிட்டா, அப்புறம் உளி வச்சுத்தான் எடுக்கணும். வேற வழியே இல்லாதப்ப மட்டும்.

கழட்டினதும் முதல் வேலை: பழைய ஃபில்டரோட வாயைப் பாருங்க. கறுப்பு ரப்பர் வளையம் அதுல இருக்கா? இல்லைன்னா என்ஜின்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு வளையத்து மேல இன்னொரு வளையம் உக்காந்தா இறுகின மாதிரியே தெரியும். ஸ்டார்ட் பண்ணி அழுத்தம் ஏறினதும் பிதுங்கி, மொத்த ஆயிலையும் ஒரு நிமிஷத்துக்குள்ள தரையில கொட்டிடும். கவனிக்காம ஓட்டினா பேரிங் போச்சு. இந்த மொத்த வேலையில என்ஜினையே காலி பண்ணக்கூடிய இடம் இது ஒண்ணுதான். விரலை விட்டுத் தடவிப் பார்த்து, துணியால அந்த முகத்தைச் சுத்தமா துடைங்க.

புது ஃபில்டரோட ரப்பர்ல புது ஆயிலை விரலால தடவுங்க. காய்ஞ்ச ரப்பர் சுருண்டு மடங்கும், அடுத்த தடவை கழட்டவும் வராது. கையால சுத்தி, ரப்பர் முகத்தைத் தொட்டதும் நிறுத்துங்க. மார்க்கரால ஃபில்டர்ல ஒரு கோடு போடுங்க. அங்கிருந்து முக்கால் சுத்து. அவ்வளவுதான், ரென்ச் போட்டு முறுக்காதீங்க.

ஊத்துறது: முதல்ல 2.8 லிட்டர். கேன் பக்கவாட்டில அளவுக்கோடு இருக்கும், கேனை நிமிர்த்தி வச்சுப் பாருங்க. மூடி போடுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க, ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீங்க. சிவப்பு ஆயில் லைட் சில நொடியில அணையணும். அணையலைன்னா உடனே நிறுத்துங்க. அணைஞ்சா ஒரு நிமிஷம் ஓடவிட்டு, ஒருத்தர் அடியில டார்ச் அடிச்சு பிளக்கையும் ஃபில்டரையும் பார்க்கட்டும், ஸ்டாண்ட் மேல நிக்கிற வண்டின்னா தள்ளி நின்னு.

அப்புறம் வண்டியை இறக்கி சமதரையில நிறுத்தி, என்ஜினை அணைச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக். முன்பக்கம் தூக்கி நிக்கும்போது பார்த்த அளவு செல்லாது. துடைச்சுட்டு ஒரு தடவை விட்டு எடுத்து, ரெண்டு பக்கமும் பாருங்க, குறைவா காட்டுற பக்கம்தான் சரி. மேல் குறிக்கு ஒரு நூல் கீழ வர்ற வரைக்கும் நூறு நூறு மில்லியா சேருங்க. பெரும்பாலான கார்கள்ல கீழ் குறிக்கும் மேல் குறிக்கும் நடுவுல சுமார் ஒரு லிட்டர்தான் வித்தியாசம், அதை வச்சே எவ்வளவு குறையுதுன்னு கணிக்கலாம்.

#9 காவிரிக்கரை

ரொம்ப விவரமா இருக்கு, நன்றி. கூடுதலா ஊத்திட்டா என்ன ஆகும்? கால் லிட்டர் கூடினாலும் ஆபத்தா? அப்புறம் பம்ப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே.

#10 நாலுசிலிண்டர்

மேல் குறியை ஒரு நூல் தாண்டினா ஒண்ணும் ஆகாது. அரை லிட்டருக்கு மேல போனா கிராங்க் ஷாஃப்ட் சுத்தும்போது ஆயில் பரப்பை அடிக்க ஆரம்பிக்கும். நுரை வரும். நுரையை பம்ப் பண்ணினா அழுத்தம் நிக்காது, பேரிங்குக்குப் போறது பாதி காத்து. இன்னொரு பக்கம், கிராங்க்கேஸ் வாயு போற குழாய் வழியா ஆயில் இன்டேக்குக்குள்ள போய் எரியும். நீலப்புகை, பிளக்ல கரி, நாளடைவுல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வரைக்கும் பாதிப்பு.

எடுக்கிறது சுலபம். மருந்துக்கடையில கிடைக்குற 50 மில்லி சிரிஞ்சில மெல்லிய டியூப் மாட்டி டிப்ஸ்டிக் குழாய் வழியா இழுங்க. சூடா இருந்தா சீக்கிரம் வரும். இதுக்காக டிரெயின் பிளக்கை மறுபடி தொட வேண்டாம்.

பம்ப் பத்தி: டிப்ஸ்டிக் குழாய் சம்ப் அடி வரைக்கும் நேரா போற என்ஜின்ல அது நல்லாவே வேலை செய்யும். உங்க வண்டில டியூப் அடியைத் தொட்டதை உணரணும், தொட்டதும் அதிகமா திணிச்சா உள்ளே சுருண்டு மேல் நோக்கி நின்னுக்கும், பாதி ஆயில் உள்ளேயே தங்கிடும். அதனால எடுத்ததை அளக்கணும். மேல் குறி வரைக்கும் இருந்த வண்டின்னா 2.8, 2.9 லிட்டர் வரணும். ரெண்டு லிட்டர்தான் வந்துச்சுன்னா டியூப் சரியா உக்காரலை.

ஆனா ஸ்பின்-ஆன் ஃபில்டர் கீழ இருக்குற வண்டிக்கு எப்படியும் அடியில போகணும். அப்போ பம்ப் வாங்கி என்ன மிச்சம்? ஃபில்டரும் மேலேயே இருக்குற என்ஜின்காரங்களுக்குத்தான் அது லாபம்.

#11 மெரினா140

பம்ப்போட ஒரு குறை: பிளக் வழியா வடிச்சா கூட வர்ற கசடைப் பார்க்கலாம். தட்டுல இருக்கிற ஆயிலை டார்ச் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. கறுப்பா இருக்கிறது நல்ல அறிகுறிதான், டிடர்ஜென்ட் வேலை செய்யுதுன்னு அர்த்தம். வெள்ளி ஜிகினா மாதிரி மின்னினா பேரிங் தேய்மானம். பால் கலந்த காபி நிறம் மொத்த ஆயில்லயும் இருந்தா கூலன்ட் கலக்குது, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கணும். ஆயில் மூடியோட அடியில மட்டும் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தா பயப்பட வேண்டாம். மழைக்காலத்துல ரெண்டு, மூணு கிலோமீட்டர் மட்டும் ஓடுற வண்டில வர்ற ஈரம் அது. ஒரு நீண்ட ஓட்டத்துல போயிடும்.

இதை ஒட்டி இன்னொண்ணு: 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு. வருஷத்துக்கு நாலாயிரம்தான் ஓடுதுன்னு ரெண்டரை வருஷம் விடாதீங்க. குட்டி ஓட்டம்தான் ஆயிலுக்குக் கெடுதல். சூடேறாத என்ஜின்ல பெட்ரோலும் ஈரமும் ஆயில்ல கலந்து தங்கும்.

#12 கொங்கு டீசல்

இதே வருஷ ஸ்விஃப்ட் டீசல் வச்சிருக்கவங்களும் இதைப் படிப்பாங்க, அதனால ரெண்டு வரி. அந்த 1.3 என்ஜினுக்கு ஃபில்டர் டப்பா கிடையாது, மூடியைக் கழட்டி உள்ளே காகித எலிமென்ட்டை மட்டும் மாத்தணும். மூடியோட ஓ-ரிங்கும் புதுசு போடணுங்க, அதுவும் அதுக்குன்னு இருக்குற பள்ளத்துல. ஒரு பள்ளம் தள்ளிப் போட்டா கசியும். புது ஆயில் ஊத்தி ஒரு வாரத்துல கறுத்துடும், டீசலுக்கு அது இயல்பு. 'கடைக்காரன் ஏமாத்திட்டான்'னு சண்டைக்குப் போகாதீங்க.

டிபிஎஃப் (புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) இருக்கிற பிஎஸ்6 டீசலுக்குக் கையேட்டுல சொன்ன சாம்பல் குறைவான ஆயில்தான் போடணும், சாதா டீசல் ஆயில் போட்டா அந்த டிபிஎஃப் அடைச்சுக்கும். அந்த வண்டில டிப்ஸ்டிக் அளவு குறையாம ஏறுதுன்னா, மேல எரியாம போன டீசல் ஆயில்ல கலக்குதுன்னு அர்த்தம். டிபிஎஃப் சுத்தம் பண்ற சமயத்துல பாதியில வண்டியை அணைச்சு அணைச்சு விட்டா இப்படி ஆகும். மேல் குறியைத் தாண்டினா கிலோமீட்டர் பார்க்காம மாத்திடுங்க.

#13 நாலுசிலிண்டர்

போலி ஃபில்டர் பத்தி ஒரு எச்சரிக்கை. வெளியே பார்த்தா ஒரே மாதிரி இருக்கும். உள்ளே ரெண்டு விஷயம் வேலை செய்யணும்: நிறுத்தினதும் ஆயில் வடிஞ்சு போகாம பிடிக்கிற ரப்பர் வால்வு, காகிதம் அடைச்சா வழி விடுற பைபாஸ். விரலை ஃபில்டரோட சின்ன துவாரத்துல விட்டுத் தொடுங்க, மெத்துன்னு ரப்பர் தட்டுப்படணும். அந்த வால்வு மொக்கையா இருந்தா தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ரெண்டு நொடி செயின் சத்தம் வரும். மெக்கானிக் 'டென்ஷனர் (அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கிற பாகம்) போச்சு'ன்னு சொல்லுவார், பாதி நேரம் ஃபில்டர்தான் காரணம்.

ஆயில் கேன்லயும் மூடிக்கு அடியில இருக்கிற சீல் முழுசா இருக்கணும். காலி கேனை முழுசா குப்பையில போடாதீங்க. வாயை வெட்டிட்டுப் போடுங்க. முழு கேனைப் பொறுக்கிட்டுப் போய் மறுபடி நிரப்பி விக்கிறவங்க இருக்காங்க.

#14 காவிரிக்கரை

மிச்சம் வர்ற 400 மில்லியை வீட்டில இருக்கிற பைக்குக்கு ஊத்தலாமா? அப்புறம் மெக்கானிக்குங்க மண்ணெண்ணெய் விட்டு ஃப்ளஷ் பண்ணணும்னு சொல்றாங்களே?

#15 பட்டறைக்காரன்

பைக்குக்கு ஊத்தாதீங்க. பைக்குல கிளட்ச் என்ஜின் ஆயில்லயே ஊறிக்கிட்டு இருக்கும். கார் ஆயில்ல உராய்வு குறைக்கிற சரக்கு இருக்கு, கிளட்ச் வழுக்கும். பைக் கேன்ல ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு போட்டிருக்கும், அது இருக்கணும். கியர்லெஸ் ஸ்கூட்டருக்கு எம்பி வரும், அதுக்கும் அதுக்குன்னு உள்ளதே போடுங்க. மிச்ச ஆயிலை அதே கேன்ல இறுக்கி மூடி டிக்கில வையுங்க, இடையில குறைஞ்சா ஊத்த அதே சரக்கு கையில இருக்கும்.

மண்ணெண்ணெய் ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம். என்னதான் வடிச்சாலும் பம்ப், குழாய், ஹெட்னு உள்ளே கொஞ்சம் தங்கும். தங்கின மண்ணெண்ணெய் புது ஆயிலோட கலந்து இளக்கும். அதுவும் 20 கிரேடை இளக்கினா என்ன மிஞ்சும்? பத்து வருஷக் கசடு ஒரே நாள்ல பேர்ந்து சல்லடையை அடைக்கிறதும் நடக்கும். அழுக்கா இருந்தா நல்ல ஆயில் ஊத்தி, அடுத்த தடவை அஞ்சாயிரத்துலயே மாத்துங்க. ரெண்டு தடவையில தானா சுத்தமாகும்.

#16 மெரினா140

கடைசிக் கேள்வி, பழைய ஆயில். சாக்கடை, மண்ணு, காலி மனை எதுலயும் ஊத்தக் கூடாது. கரையானுக்கு வேலிக்கம்பத்துல அடிக்கிறது, சென்ட்ரிங் பலகைக்குத் தடவ மேஸ்திரிக்குக் கொடுக்கிறது ரெண்டும் ஊர்ல சகஜம். ஆனா ஈயம், துத்தநாகம், எரிபொருள் கசடு எல்லாம் கலந்தது கடைசியில கிணத்து ஊற்றுக்குத்தான் போய்ச் சேரும். 2016 அபாயக் கழிவு விதிப்படி பழைய ஆயில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் கிட்டத்தான் போகணும். 2024 ஏப்ரல்ல இருந்து ஆயில் தயாரிக்கிற கம்பெனிகளுக்கும் அதைத் திரும்பச் சேர்க்கிற பொறுப்பு வந்திருக்கு.

நடைமுறைக்கு: வடிச்ச ஆயிலை இறுக்கி மூடுற வேற ஒரு காலி கேன்ல ஊத்தி, மேல 'பழசு'ன்னு பெருசா எழுதுங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்லயும் பெரிய ஒர்க்‌ஷாப்லயும் பேரல் வச்சிருப்பாங்க, பதிவு பெற்ற ஆளுக்குத்தான் கொடுக்குறாங்களான்னு கேட்டுட்டுக் கொடுங்க. கூலன்ட், பெட்ரோல், பிரேக் ஆயில் எதையும் அதோட கலக்காதீங்க, கலந்ததைச் சுத்திகரிக்க எடுக்க மாட்டாங்க. பழைய ஃபில்டரோட தலையில ஆணியால ஒரு ஓட்டை போட்டு, வாய் கீழ பார்க்க ஒரு ராத்திரி கவுத்து வச்சா நல்லாவே வடியும். அதையும் கேனோட சேர்த்துக் கொடுத்துடுங்க.

தரையில சிந்தினதுக்குத் தண்ணி ஊத்தாதீங்க, பரவும். மரத்தூளைக் கொட்டிச் செருப்புக் காலால நல்லா தேய்ச்சு, பத்து நிமிஷம் ஊறவிட்டு அள்ளுங்க. அப்புறம் சோப்புத்தூள், கொஞ்சமே தண்ணி, தென்னந்துடைப்பம். அபார்ட்மென்ட் செகரட்டரி வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.

#17 காவிரிக்கரை

ஒரே ஒரு சந்தேகம். ஏற்கனவே போன சர்வீஸ்ல யாரோ மரையைக் கெடுத்து வச்சிருந்தா, அது எனக்கு முன்னாடியே தெரியுமா? பிளக்கைக் கழட்டினப்புறம் தெரிஞ்சா வண்டி நகராதே.

#18 பட்டறைக்காரன்

தெரியும். இளக்கும்போது முதல் கால் சுத்துல டக்குன்னு விட்டுட்டு அப்புறம் லேசா சுத்தணும், அது நல்ல மரை. முழுக்க முழுக்க கரகரன்னு இறுக்கமாவே வந்தாலோ, பிளக் மரையில வெள்ளிக் கம்பி மாதிரி சுருள் ஒட்டியிருந்தாலோ சம்ப் மரை உரிஞ்சிருக்கு. சந்தேகம் இருந்தா ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆரம்பிக்காதீங்க, கடை திறந்திருக்குற நாள்ல காலையில ஆரம்பிங்க.

மரை போயிருந்தா ஒரு சைஸ் பெரிய, தானே மரை வெட்டிக்கிற பிளக் விப்பாங்க. அது வெட்டுற துகள் உள்ளேதான் விழும், அதோட அடுத்த தடவை இன்னும் மோசமாகும். சம்ப்பைக் கழட்டி, லேத்துல மரை வெட்டி இன்சர்ட் போடுறது சரியான வேலை. இரும்புத் தகடு சம்ப்பா இருந்தா புதுசே வாங்கிடலாம், கூலியைக் கூட்டிப் பார்த்தா பெரிய வித்தியாசம் வராது. வண்டியை நகர்த்தியே ஆகணும்னா, பழைய பிளக்கைப் புது வாஷரோட கையால போய் நிக்கிற வரைக்கும் போட்டு, ஆயில் ஊத்தி, சொட்டு எவ்வளவுன்னு பத்து நிமிஷம் பாருங்க. சொட்டு சொட்டா வந்தா பக்கத்துப் பட்டறை வரைக்கும் மெதுவா போகலாம். நூலா ஒழுகுச்சுன்னா கயிறு கட்டி இழுத்துட்டுப் போறதுதான் வழி.